பதினோரு சீசன், ஒரே எல்எஸ்4

2014 மார்ச்சில் ஒரு பழைய எல்எஸ்4 கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், வாங்கினேன். 1983-இல் கட்டியது, அதுவரை 2,750 மணி நேரம் பறந்திருந்தது. கழற்றி ஏற்றிப் போகும் டிரெய்லர், கருவிகள், பாராசூட் எல்லாம் சேர்த்து 24,000 யூரோ. தெற்கு ஜெர்மனியில், ஷ்வேபிஷ் ஆல்ப் மலையோரத்து கிளப் ஒன்றில் நிறுத்தியிருக்கிறேன். போட்டிக்கு எந்தப் பழைய கிளைடர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் டிரெய்லரில்தான் ஆரம்பிப்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும்.

அன்று என் யோசனையில் மூன்று இருந்தன: ஸ்டாண்டர்ட் சிரஸ், எல்எஸ்4, டிஸ்கஸ். மூன்றுக்கும் இறக்கை 15 மீட்டர், இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் ஃபிளாப் கிடையாது. சிரஸ் 1969-இல் முதலில் பறந்தது, விலை மலிவு. ஆனால் அதன் கிடைவால், அதாவது வாலில் படுத்திருக்கும் பலகை, முழுசாக அசையும் வகை. ஓட்டும் ஸ்டிக்கை விரல் நுனியில் தொட்டாலே மூக்கு துள்ளும். பழகியவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஐந்து மணி நேரம் பறந்து களைத்த கைக்கு அது ஒத்துவராது என்று எனக்குப் பட்டது. டிஸ்கஸின் விலையைக் கேட்டதும், சரி, அடுத்த ஜென்மத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எல்எஸ்4 வோல்ஃப் லெம்கே வடிவமைத்தது. ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். நிறுவனத்தின் பெயர் ரோலாடன்-ஷ்னைடர். ரோலாடன் என்றால் ஜன்னலுக்குப் போடும் சுருள் ஷட்டர். அந்தத் தொழிலிலிருந்துதான் கிளைடருக்கு வந்தார்கள்! 2003 வாக்கில் அது நொடித்துப்போய், டிஜி நிறுவனம் பொறுப்பேற்றது. உதிரிபாகத்துக்கு நான் இதுவரை பெரிதாக அலைந்ததில்லை.

சறுக்கு விகிதம் 40. அதாவது காற்றசைவே இல்லாத நாளில் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர் போகும். இறக்கை முன்விளிம்பில் பூச்சி அப்பிக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. வாங்குகிறவர்கள் இந்த எண்ணில் ஒன்று இரண்டு கூடக் கிடைக்குமா என்று தவிக்கிறார்கள். பல வகைக் கிளைடர்கள் கலந்து மோதும் கிளப் கிளாஸ் போட்டியில் அதற்கு வேலையே இல்லை. அங்கே ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. நல்ல கிளைடர் என்றால் அதற்கேற்ப மதிப்பெண்ணில் வெட்டு. வேகம் கூட்டத் தண்ணீர்ப் பாரம் ஏற்றவும் கூடாது. என் இறக்கைக்குள் இருக்கும் தண்ணீர்ப் பைகள் ஒழுகுகின்றன, ஒழுகட்டும்.

இப்போது டிரெய்லர். "டிரெய்லர் நல்லாத்தான் இருக்கு" என்று விற்றவர் சொன்னார்; நானும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. முதல் சீசனிலேயே ஒரு போட்டி நாளில் மேலே தூக்கும் சூடான காற்றோட்டத்தை (தெர்மல்) அவசரப்பட்டு விட்டு வந்து, முடிவிடத்துக்கு 12 கிலோமீட்டர் முன்னதாகக் கோதுமை அறுத்த வயலில் இறங்கினேன். இறங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இறக்கையிலிருந்து மேலெழும் ஏர்பிரேக் அருமை. நண்பர்கள் டிரெய்லரோடு வரும்போது இருட்டிவிட்டது. இறக்கை வழுக்கிப் போகவேண்டிய தண்டவாளம் வளைந்திருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒருவர் நுனியைத் தூக்க, ஒருவர் உடலோடு சேரும் அடிமுனையைத் தள்ள, ஒன்றரை மணி நேரம். மறுநாள் காலை இறக்கையை உடலில் பூட்டும்போதும் அதே கூத்து. விமானிகள் கூட்டத்துக்கு நான் போய்ச் சேரும்போது வானிலைப் பகுதி முடிந்திருந்தது. அன்றைய மோசமான பறப்புக்கு கிளைடரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த குளிர்காலம் கோப்ரா என்ற தயாரிப்பில் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினேன். இப்போது பூட்ட 20 நிமிடம், கூட ஒருவர் போதும்.

பூட்டும் வேலையில் ஒரு எச்சரிக்கை. பழைய எல்எஸ்4-இல் கட்டுப்பாட்டுத் தண்டுகள் தானாக இணையாது. உடலுக்குள் கைவிட்டு லொட்டெலியே எனப்படும் இணைப்பு ஒவ்வொன்றையும் மாட்டி, பூட்டி, இழுத்துப் பார்க்கவேண்டும். அப்புறம் ஒருவர் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் அய்லரானைக் கையால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஸ்டிக்கை அசைத்துப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் பதில் சொல்வதில்லை. பின்னால் வந்த எல்எஸ்4-பி-யில் இந்தத் தொல்லை கிடையாது. காசிருந்தால் அதையே தேடுங்கள்.

அடுத்தது ஜெல்கோட். வெயிலும் மேலே இருக்கும் குளிரும் சேர்ந்து அந்த வெள்ளைப் பூச்சை வெடிக்க வைக்கும். தூரத்தில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். வெயிலைச் சாய்வாக விழவிட்டு, விரல்நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் வெடிப்பு. என்னுடையதில் ஏர்பிரேக் பெட்டியைச் சுற்றி மயிரிழைகளாக இருந்தது. இன்று இறக்கை நுனிவரை போய்விட்டது. முழுசாகச் சுரண்டிப் புதுப் பூச்சு போட 14,000 யூரோ கேட்டார்கள். வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். தேய்த்து மெழுகு போட்டுக் காலம் தள்ளுகிறேன்.

3,000 மணி நேரம் பறந்ததும் செய்யவேண்டிய பெரிய சோதனையையும் கணக்கில் வையுங்கள். எனக்கு அது மூன்றாவது வருடம் வந்தது. அந்த எண்ணை நெருங்கிய கிளைடர் மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுதான்.

போன அக்டோபரில் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். கைகொடுத்தார், காக்பிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஏர்பிரேக் பக்கம் போய்க் குனிந்து நகத்தை இழுத்தார். விவரம் தெரிந்த ஆள். பேரம் படியவில்லை.