பெப்டைடு ஊசியோடு எந்த சப்ளிமெண்ட்? அர்ஜினினா, புரோட்டீனா, மக்னீசியமா?

"இபமோரெலின் போடுறேன் அண்ணே, கூட என்ன சாப்பிட்டா நல்லா வேலை செய்யும்?" ஜிம்மில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. இபமோரெலின் என்பது உடம்பின் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஒரு பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி; சிஜேசி-1295-ம் அதே வேலைக்கான ஊசிதான். கேட்கிற தம்பிகளுக்குக் கிடைக்கும் பதில்களில் பாதி, கடையில் எந்த டப்பா தேங்கிக் கிடக்கிறதோ அதைப் பொறுத்தது. அதனால் அதிகம் சொல்லப்படும் சப்ளிமெண்டுகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. இபமோரெலினோ சிஜேசி-1295-ஓ தசை வளர்க்கும் மருந்தாக அங்கீகாரம் பெற்றவை அல்ல. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதிய குப்பியில்தான் பெரும்பாலும் வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. இந்தக் குடும்பத்தில் செர்மோரெலின் 1997-ல் அமெரிக்காவில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக அனுமதி பெற்றது, பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. டெசமோரெலின் 2010-ல் அனுமதி பெற்றது. அதுவும் எச்ஐவி நோயாளிகளுக்கு வயிற்றில் சேரும் கொழுப்புக்காக. போட்டிகளில் கலந்துகொள்கிறவர் என்றால் இவை எல்லாமே உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இது எல்லாம் தெரிந்தும் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தவறான டப்பாவில் காசைக் கொட்டி, உடம்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். பெப்டைடு போய் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. அங்கிருந்து வளர்ச்சி ஹார்மோன் வருகிறது. அது கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைத் தயாரிக்கச் சொல்கிறது. தசை வளர்ச்சி பற்றி நாம் பேசும்போது இந்த ஐஜிஎஃப்-1 முக்கியமான ஆள். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பட்டினி கிடந்தால் வளர்ச்சி ஹார்மோன் ஏறும், ஆனால் ஐஜிஎஃப்-1 இறங்கும். சாப்பாடும் புரதமும் இல்லாவிட்டால் கல்லீரல் அந்த உத்தரவைக் காதில் வாங்குவதில்லை. ஆகவே எந்த சப்ளிமெண்டைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இது மேலே பிட்யூட்டரியைத் தட்டுகிறதா, கீழே கல்லீரலுக்கும் தசைக்கும் சரக்கு தருகிறதா? பெப்டைடு போடுகிறவர் மேலே ஏற்கெனவே தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

மேலே தட்டுபவை: அர்ஜினின், காபா, பூனைக்காலி

'ஜிஹெச் (வளர்ச்சி ஹார்மோன்) பூஸ்டர்' என்ற பெயரில் வரும் டப்பாவில் முதலில் இருப்பது அர்ஜினின் என்ற அமினோ அமிலம். அது சும்மா கிளம்பிய கதை இல்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்க மருத்துவமனையில் 30 கிராம் வரை அர்ஜினினை நரம்பு வழியாக ஏற்றுவது உண்டு. அதோடு ஜிஹெச்ஆர்ஹெச் (பிட்யூட்டரியைத் தூண்ட மூளை அனுப்பும் ஹார்மோன்) ஊசியையும் சேர்த்துப் போட்டால் ஹார்மோன் இன்னும் அதிகமாக வரும். இதுவும் மருத்துவர்கள் பயன்படுத்திய சோதனைதான். "பெப்டைடோடு அர்ஜினின் சேர்த்தால் டபுள்" என்ற பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது நரம்பில் ஏறும் 30 கிராம். நம் கையில் இருக்கும் மாத்திரையில் ஒரு கிராம் இருந்தாலே பெரிசு, அதுவும் வயிற்றையும் கல்லீரலையும் தாண்டிப் போக வேண்டும். 5 முதல் 9 கிராம் வரை வாயால் சாப்பிட்டால், ஓய்வாக இருக்கும்போது ஹார்மோன் கொஞ்சம் ஏறுகிறது. 13 கிராமுக்குப் போனால் வயிறு கலங்கிவிடும்.

இன்னும் முக்கியமானது, உடற்பயிற்சியே ஹார்மோனை 300 முதல் 500 சதவீதம் வரை ஏற்றக்கூடியது. ஆய்வுகளில் அர்ஜினின் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சி செய்தபோது அந்த ஏற்றம் சுமார் 200 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பயிற்சிக்கு முன் அதை முழுங்குகிறவர் தன் உழைப்பையே மட்டுப்படுத்துகிறார்.

காபா அடுத்தது. மூளையில் இயற்கையாக இருக்கும் ஒரு அமினோ அமிலம். 3 கிராம் சாப்பிட்ட பிறகு ஹார்மோன் நான்கு மடங்கு வரை ஏறியதாக 2008-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. டப்பாவின் முதுகில் அச்சாவது அந்த எண்தான். அது சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் தெரிந்த ஏற்றம். தசை கூடியதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

பூனைக்காலி நம் ஊர்ச் சரக்கு. சித்த மருத்துவத்தில் பழகிய விதை. அதில் எல்-டோபா (பார்கின்சன் மருந்தாகவும் கொடுக்கப்படும் பொருள்) இருக்கிறது, எல்-டோபா வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் என்பதும் உண்மை. மூன்றில் அறிவியல் சுவாரசியம் அதிகம் உள்ளது இதுதான், எனக்குப் பயம் அதிகம் உள்ளதும் இதுதான். குமட்டல், ரத்த அழுத்தம் இறங்குதல், மனநல மாத்திரை அல்லது பார்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மோதல். 'மூலிகைதானே' என்று சாப்பிடும் பொருள் இல்லை அது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் என் முடிவு: பெப்டைடு போடுகிறவருக்கு மூன்றுமே தேவையில்லை.

கீழே சரக்கு தருபவை: வே, சாப்பாடு, கொலாஜன்

பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் தசையில் பெரிதாகப் பலன் கூடுவதில்லை என்று 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை என்று போகிறவருக்கு இதில் பாதிகூட வராது. அவர் எவ்வளவு விலை கொடுத்து ஊசி போட்டாலும் கல்லீரல் கைவிரித்துவிடும்.

பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனில் ஒரு ஸ்கூப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். சீக்கிரம் ஜீரணமாகும், தசை கட்டத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் நிறைய, கலக்கிக் குடிக்க ஒரு நிமிஷம். சாப்பாட்டு வழியில் போனால் ஒரு முட்டை 6 கிராம், அரை லிட்டர் பால் 16, 50 கிராம் சோயா உருண்டை 26, 100 கிராம் மத்தி மீன் சுமார் 20. கணக்குப் போட்டால் சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம். நேரம் இல்லாத நாளுக்கு வே, மற்ற நாளுக்கு அடுப்பு என்பது என் பழக்கம். டப்பாவை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2024-ல் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து ஒரு ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தப்பு. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்தும் இருந்தன. முட்டைக்கு லேபிள் கிடையாது.

கொலாஜனை வேயோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது. அதில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் இல்லை; தசை கட்டும் புரதமாக அது பலவீனம். மூட்டு வலிக்காக வாங்குகிறார்கள். ஆனால் வளர்ச்சி ஹார்மோன் கூடும்போது உடம்பில் நீர் கோத்து மூட்டு வலிப்பதும், மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போவதும் தெரிந்த பக்கவிளைவுகள். அந்த வலியைக் கொலாஜன் சரிசெய்யாது. விரல் மரத்தால் "பி12 போடு" என்பார்கள். தயவுசெய்து அதை நம்பி ஊசியைத் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்கும். அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயைக் கண்டுபிடிக்கவே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அப்புறம் எப்படி, மாவுச்சத்து நிறைந்த மாஸ் கெய்னரைக் குடித்த கையோடு ஊசியும் போட்டால் பலன் வரும்?

தூக்கத்துக்கு

ஆழ்ந்த தூக்கத்தின் முதல் பகுதியில்தான் வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை வருகிறது. அதனால் துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்த ஜெட்எம்ஏ மாத்திரை பிரபலம். 2004-ல் பயிற்சி பெற்ற 42 ஆண்களை வைத்து எட்டு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். ஹார்மோனும் மாறவில்லை, பலமும் கூடவில்லை. துத்தநாகக் குறைபாடு இருந்தால் ஐஜிஎஃப்-1 குறையும் என்பது வேறு விஷயம். குறை இருப்பவருக்கு அதைத் தீர்ப்பது பலன் தரும். நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டித் துத்தநாகம் சாப்பிட்டுக்கொண்டே போனால் உடம்பில் தாமிரம் குறையும். கிளைசின் என்ற அமினோ அமிலத்தை 3 கிராம் படுக்கும் முன் எடுப்பது எனக்கு இதைவிட மேலாகத் தெரிகிறது. சிறிய ஆய்வுகள்தான் என்றாலும் தூக்கம் மேம்பட்டதாகச் சொல்கின்றன, விலையும் குறைவு. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு 200 மில்லிகிராம் கஃபீன் உள்ள ப்ரீ-ஒர்க்கவுட் குடிப்பவருக்கு இரண்டுமே உதவாது. அதை முதலில் நிறுத்துங்கள்.

சர்க்கரைக்கு பெர்பெரின்

வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தச் சர்க்கரையும் ஏறலாம். அந்த ஹார்மோனைத் தூண்டும் இன்னொரு பொருள் எம்கே-677. அது ஊசி இல்லை, வாயால் சாப்பிடுவது; பெப்டைடும் இல்லை, ஆனால் அதே அலமாரியில்தான் விற்கிறார்கள். 2008-ல் வெளியான ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 65 பேரை வைத்து இரண்டு வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். கொழுப்பில்லா எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடியது, பலம் கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 5 புள்ளி ஏறியது. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர்கள் நம்மிடம் எத்தனை பேர் என்று யோசித்தால் இந்த 5 சின்ன எண் இல்லை.

இதைச் சமாளிக்கத்தான் பெர்பெரின் என்கிறார்கள். நம் மரமஞ்சளில் இருப்பதுதான். சர்க்கரையைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் கல்லீரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேகத்தையும் அது மாற்றும். ஒரு மருந்தால் ஏறிய சர்க்கரையை இன்னொரு மாத்திரையால் மறைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஏறிய சர்க்கரை, ஊசியானாலும் எம்கே-677 ஆனாலும் நிறுத்தச் சொல்கிறது.

கிரியேட்டின் பற்றிச் சுருக்கமாக: நாளுக்கு 3 முதல் 5 கிராம், பலத்துக்கு நன்றாக நிரூபணமானது, மலிவு. பெப்டைடு தொடங்கும் அதே வாரத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் நீரைப் பிடிக்கும், எடை எதனால் ஏறியது என்று தெரியாமல் போகும். ரத்தச் சோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தைக் கணிக்கப் பார்க்கும் அளவு) சற்று அதிகமாகத் தெரியலாம், அதனால் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் காசுக்கு வரிசை கேட்டால்: முதலில் முட்டை, பால், மீன், பயறு. அடுத்து கிரியேட்டின். நேரம் போதாவிட்டால் வே. தூக்கம் தடுமாறினால் கிளைசின். இவை ஊசி போடாதவருக்கும் இதே அளவு உதவும். பூஸ்டர் டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஹெச்பிஏ1சி-யும் (மூன்று மாசச் சராசரிச் சர்க்கரை) ஐஜிஎஃப்-1-ம் பரிசோதியுங்கள், ஊசி தொடங்கும் முன் ஒரு தடவை, மூன்று மாசம் கழித்து ஒரு தடவை. கை கால் வீங்கி மோதிரம் இறுகினாலோ பழைய செருப்பு பற்றாமல் போனாலோ மூன்று மாசம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே நிறுத்துங்கள்.