சொல் தேடும் தளமா, கிரெப் கட்டளையா?

குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தேட இரண்டு வழிகள் உண்டு: சொல் தேடும் இணையதளம், அல்லது கணினியில் இருக்கும் சொற்பட்டியல் கோப்பில் நாம் கேட்கும் எழுத்துகள் உள்ள வரிகளை எடுத்துத் தரும் கிரெப் (grep) கட்டளை. ஸ்கிராபிள் மாதிரி விளையாட்டுக்கு மட்டும் என்றால் சொல் தேடும் தளமே போதும், எழுத்துகளைத் தட்டினால் நீளவாரியாக, மதிப்பெண்ணோடு வந்துவிடும், வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் கேள்வி கொஞ்சம் சிக்கலானால் எனக்குக் கிரெப்தான். 'எம்' (m), 'டி' (t) இரண்டும் அடுத்தடுத்து வந்து அதோடு முடிகிற சொல் வேண்டுமா? அந்த இரண்டுக்கும் பின்னால், வரி அங்கே முடிகிறது என்பதற்கான டாலர் குறி போடுங்கள் (mt$), 'டிரெம்ட்' (dreamt) வந்து நிற்கும். வரிசை முக்கியமில்லை என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கிரெப், ஒன்றின் விடையை அடுத்ததற்குள் அனுப்பி வடிகட்டிக்கொண்டே போகலாம் (ஒரே எழுத்து இரண்டு முறை வர வேண்டும் என்றால் இது போதாது, நடுவில், இடையே எதுவும் வரலாம் என்பதற்கான புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்து ஒரே வடிவமாக எழுத வேண்டும்).

சரி, சொற்பட்டியல்? மேக்கில் கூடவே வருகிறது, சுமார் 2,35,000 சொற்கள். ஆனால் அது 1934 வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, புதிய சொற்களும் பெரும்பாலான பன்மைகளும் இருக்காது. லினக்ஸில் பல நேரம் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஒரு சொல் விளையாட்டு விதிப்படி செல்லுமா என்பதை இந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்யவே கூடாது, அதற்குத் தளம்தான் சரி.