பணம் வாங்கும்போது செல்லும் முகவரி, பொருள் தரும்போது செல்லாது

தென்னாப்பிரிக்காவில் க்வாடுகுசா பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்குக் கதவு எண், தெருப் பெயர் என்று எதுவும் கிடையாது. பாதைக்கு அரசாங்கம் வைத்த ஓர் எண் உண்டு, தோட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. கடிதமெல்லாம் ஊர்த் தபால் நிலையத்தில் இருக்கும் பெட்டிக்குத்தான் வரும். பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாவின் பெட்டி எண் அவருடைய அப்பா காலத்திலிருந்து அதேதான். அந்தக் குடும்பத்தில் பேரன் பேத்தி வரைக்கும் எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் யோசிக்காமல் அந்த எண்ணை எழுதுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இந்தப் பக்கம் குடியேறும் நம்மவர்களும் முதல் வேலையாக ஒரு பெட்டி வாடகைக்கு எடுத்துவிடுகிறோம். அப்படி எடுத்தவர்கள் இணையத்தில் பெரிய பொருள் ஏதாவது வாங்கப் போகிறீர்கள் என்றால், என் கிரைண்டர் கதையைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தியச் சமையல் சாமான் விற்கும் ஓர் இணையக் கடை, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு டேபிள் டாப் வெட் கிரைண்டர் பார்த்தேன். விலை நாலாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தின் உச்சியிலேயே பெரிய எழுத்தில் ‘நாடு முழுவதும் இலவச டெலிவரி’ என்று இருந்தது. முகவரி கேட்ட கட்டத்தில் பெட்டி எண்ணையும் ஊரையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டேன். ஒரு மறுப்பும் வரவில்லை. கார்டில் பணம் போனது, நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்தது, அதில் என் பெட்டி எண்ணே டெலிவரி முகவரியாக அச்சாகியிருந்தது.

அப்புறம் ஒரு டிராக்கிங் எண் வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். தபாலில் பதிவு செய்து வரும் எந்தப் பொருளுக்கும் எண் ஒரே அமைப்பில்தான் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டெழுத்து. தென்னாப்பிரிக்கா என்றால் இஸட் ஏ, இந்தியா என்றால் ஐ என். நாடுவிட்டு நாடு போகும் தபாலுக்கு உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எனக்கு வந்ததோ வெறும் எண்களின் வரிசை. அதாவது பொருள் தபாலில் கிளம்பவே இல்லை, கூரியரில் கிளம்பியிருக்கிறது. கூரியர்காரர் ஊர் வரைக்கும் வந்தாலும் பெட்டியில் எதையும் போட முடியாது. பெட்டியின் முன்பக்கச் சாவிதான் நம் கையில். பின்பக்கம் தபால் நிலையத்தின் பூட்டிய அறைக்குள் இருக்கிறது, அங்கிருந்து ஊழியர்கள்தான் போடுவார்கள். பெரிய பார்சல் என்றால் பெட்டியில் ஒரு சீட்டு கிடக்கும், அதையும் அடையாள அட்டையையும் கவுண்டரில் காட்டி வாங்க வேண்டும். கூரியருக்கு அந்த வழியே கிடையாது. அவருக்குத் தேவை ஒரு வாசலும், கையெழுத்துப் போட ஓர் ஆளும்.

நினைத்தபடியே ‘முகவரி முழுமையாக இல்லை, டெலிவரி தோல்வி’ என்று எஸ்எம்எஸ் வந்தது. கடைக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நல்ல குரலில், “ஆன்ட்டி, பாக்ஸுக்கெல்லாம் கூரியர் போகாது, தெரு முகவரி கொடுங்க” என்றாள். “அப்படியென்றால் அந்த முகவரியை ஏன் வாங்கிக்கொண்டீர்கள்?” என்று கேட்டதற்கு, “சிஸ்டம் வாங்கிக்கொள்ளும், ஆன்ட்டி” என்றாள். சரி என்று பாதை எண், தோட்டத்தின் பெயர், போனிலிருந்து இருப்பிடக் குறி எல்லாம் அனுப்பினேன். பதில் வந்தது: எங்கள் இடம் தொலைதூரப் பகுதியாம், மறு டெலிவரிக்கு 480 ராண்ட் தனியாகக் கட்ட வேண்டுமாம். இலவச டெலிவரி என்று போட்டிருக்கிறீர்களே என்றேன். முதல் தடவைதான் இலவசமாம். முதல் தடவை போகவே முடியாத முகவரிக்குப் பொருளை அனுப்பிவிட்டு இப்படிச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

கட்ட மாட்டேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். அங்கேதான் உண்மையான முகம் தெரிந்தது. போய்வந்த கூரியர் செலவு, கிடங்கில் வைத்திருந்த வாடகை, திரும்ப அடுக்கி வைக்கும் கட்டணம் என்று 25 சதவீதம், எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். கண்ணால்கூடப் பார்க்காத பொருளுக்குக் கிட்டத்தட்ட பாதி விலை போய்விடும். இந்தப் பக்கத்தில் விசாரித்தபோது டோங்காட்டிலும் டார்னலிலும் இதே கடையில் இதே கதை நடந்தவர்கள் இருக்கிறார்கள். தோசைக்கல், குத்துவிளக்கு என்று பொருள்தான் வேறு. அவர்களில் சிலர் அந்த 480ஐக் கட்டித் தொலைத்துவிட்டார்கள். ஒரே மாதிரி இத்தனை பேருக்கு நடப்பதை சிஸ்டம் கோளாறு என்று நான் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பெட்டி எண்ணை ஏற்காதபடி அந்தக் கட்டத்தை மாற்றுவது சின்ன வேலை. மாற்றாமல் வைத்திருப்பதில் அவர்களுக்கு லாபம்.

தபாலில் அனுப்ப மாட்டேன் என்று ஒரு கடை சொன்னால் நான் குறை சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023 பிப்ரவரியில், கடனுக்காக நிறுவனத்தை மூடும் நடவடிக்கையான தற்காலிகக் கலைப்புக்குப் போய், ஜூலையில் மீட்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதற்குப் பிறகு கிளைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. கண்ணாடி ஜாடியையோ மோட்டார் வைத்த கிரைண்டரையோ அந்த வழியில் அனுப்பக் கடைக்காரர் தயங்குவது நியாயம்தான். ஆனால் அதைப் பணம் வாங்கும் முன் சொல்ல வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், பேச்சில் ஈ.சி.டி. ஆக்ட். அதன் 43ஆம் பிரிவு, இணையக் கடை தன் முழுப் பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண், போக்குவரத்துச் செலவு உட்பட மொத்த விலை எல்லாவற்றையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்கிறது. பின்னால் முளைக்கும் 480 ராண்ட் இதில் எங்கே சேரும்? 46ஆம் பிரிவு இன்னும் முக்கியம். வேறு கெடு பேசிக்கொள்ளாவிட்டால் ஆர்டரை 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் 7 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்து நாம் ரத்து செய்யலாம். “எங்கள் நிபந்தனைகளில் போட்டிருக்கிறோமே” என்பார்கள். இந்தப் பிரிவுகள் அடங்கிய நுகர்வோர் பாதுகாப்பு அத்தியாயம் தரும் உரிமையைப் பறிக்கும் எந்த ஒப்பந்த வரியும் செல்லாது என்று 48ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. போனில் கத்துவதைவிட இந்த மூன்று எண்களை ஒரு மின்னஞ்சலில் எழுதுவது வேலை செய்தது. அதுவரை ஆன்ட்டி ஆன்ட்டி என்றவர்கள் அன்றிலிருந்து ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்’ என்று எழுத ஆரம்பித்தார்கள்.

கூடவே வங்கியிலும் பொருள் வரவில்லை என்று கார்டு புகார் கொடுத்தேன். இதற்காகவே சொல்கிறேன், தெரியாத கடையில் கார்டில் மட்டும் கட்டுங்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு இஎஃப்டியில் அனுப்பிய பணத்தை இப்படித் திரும்ப இழுக்க முடியாது. ‘இஎஃப்டியில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி’ என்று கடைக்காரர் ஆசை காட்டுவது எதற்கு என்று இப்போது புரிகிறது. டெலிவரி முகவரியாகப் பெட்டி எண் அச்சாகியிருந்த அந்த முதல் மின்னஞ்சலை வங்கி உடனே கேட்டது. அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு வலையும் விரித்திருக்கிறார்கள். ‘உங்கள் பார்சல் தபால் நிலையத்தில் நிற்கிறது, சுங்கக் கட்டணம் செலுத்த இந்த லிங்க்கைத் தொடவும்’ என்று எஸ்எம்எஸ். கட்டணம் அற்பத் தொகைதான், அவர்களுக்கு வேண்டியது கார்டு எண். எனக்கும் வந்தது, ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் கிரைண்டருக்கு ஏது சுங்கம்? வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து 500 ராண்டுக்குக் குறைந்த இறக்குமதிப் பார்சல்களுக்கும் 15 சதவீத வாட் வரி வந்ததால், ஏதோ கட்ட வேண்டியிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். வெருளத்தில் இருக்கும் எங்கள் அண்ணி, சென்னையிலிருந்து அம்மா அனுப்பிய புடவைக்காக அந்த லிங்க்கைத் தொட்டு, அன்று இரவே கணக்கில் பணத்தை இழந்தார். புடவை பின்னாலேயே பத்திரமாக வந்து சேர்ந்தது. தபாலில் வரும் பார்சலுக்கு வரி இருந்தால் சீட்டோடு கவுண்டருக்குப் போய்க் கட்டுங்கள். லிங்க் எதையும் தொடாதீர்கள்.

பெட்டி மட்டும் உள்ளவர்கள் இப்போது செய்யக்கூடியது, பணம் கட்டும் முன் கடைக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேட்பது: தபாலில் அனுப்புவீர்களா, கூரியரிலா, கூரியர் என்றால் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அனுப்புவீர்களா? பெப் துணிக்கடைகளில் பாக்ஸி என்ற பார்சல் சேவை இருக்கிறது, பெட்ரோல் பங்குகளிலும் மால்களிலும் பூடோ என்ற பார்சல் லாக்கர் இருக்கிறது. சின்னப் பொருளுக்கு இவை போதும். கிரைண்டர் அளவுக்கு லாக்கர் இடம் கொடுக்குமா என்று அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்நெட்டில் பெட்டி எடுத்தால் கூரியர் பார்சலையும் அங்கே வாங்கி வைப்பார்கள். ஆனால் அது தனியார் நிறுவனம், தபால் நிலையம் இல்லை. இரண்டு முகவரியையும் கலந்து எழுதினால் பார்சல் எங்கும் சேராது. நான் இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் முகவரியைக் கொடுக்கிறேன். அவர் பெயரை முன்னால் போட்டு, என் போன் எண்ணைக் கீழே போடுகிறேன். இதுவரை எல்லாம் வந்திருக்கிறது.

கடை கடைசியில் கிரைண்டர் விலையைத் திருப்பிவிட்டது, ‘கூரியர் செலவு’ என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தொகைக்காக நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், புகார் போட்டிருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது, முதலில் கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் மட்டும் இருக்க வேண்டும். இதே கடையில் மாட்டியவர்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் நல்லது. கடைக்கு நான் எழுதிய கடிதத்தின் வாசகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், பெயரையும் ஆர்டர் எண்ணையும் மாற்றிக்கொண்டால் போதும்.