பவுண்டு ரேட்ட லாக் பண்ணித் தர்றேன்னு 31,600 ரூபா புடுங்கிட்டான், கும்பகோணம் பக்கம் இருக்குறவங்க உஷார்

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், ஆறிட்டா போனா போவுது விடுன்னு எங்க வீட்டுக்காரரே சொல்லிடுவாரு. 31,600 ரூபா. கும்பகோணத்துல மாடியில இருக்குற ஒரு கடை, கீழ டிராவல்ஸ் போர்டு, மேல வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனைன்னு ஒரு போர்டு, கண்ணாடிக் கதவுல ஃபாரெக்ஸ்னு, அதாவது வெளிநாட்டுப் பணம் மாத்துற எடம்னு, ஸ்டிக்கர். பேர் போட மாட்டேன், போட்டா நம்ம மேலயே கேஸ திருப்புவானுங்க.

பொண்ணு இங்கிலாந்துல எம்எஸ்சி படிக்கிறா. முதல் தவணைய கல்விக்கடன்ல பேங்கே நேரா அனுப்பிடுச்சு. ரெண்டாவது தவணை 6,500 பவுண்டு நாங்க கட்டணும், டிசம்பர் 5 கடைசி தேதி. 2025 குறுவை என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, அக்டோபர் மழையில கொள்முதல் நிலையத்து வாசல்லயே மூட்டை கெடந்து நனைஞ்சுது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எடுக்க மாட்டேன்னுட்டாங்க, ஒருவழியா காசு கைக்கு வந்தப்ப தீபாவளியே முடிஞ்சு போச்சு. பத்தாததுக்கு சொசைட்டில நகைய வச்சோம். அப்புடி சேத்த காசு இது.

இதுக்கு நடுவுல பவுண்டு வேற ஏறிக்கிட்டே போவுது. 2025 ஜனவரில 107 கிட்ட இருந்தது நவம்பர் கடைசில 118. காலேஜு ஃபீஸ ஒரு பைசா ஏத்தல, ஆனா அதே 6,500 பவுண்டுக்கு நம்ம கையிலேந்து 71,500 ரூபா கூடப் போவுது. எங்க எதிர்வீட்டு அண்ணி பையன் துபாய்ல இருக்கான், திர்ஹாம டாலரோட 3.6725ன்னு கட்டி வச்சிருக்காங்கல்ல, ரூபா விழுந்தா அவங்களுக்கு அப்புடியே லாபம், டாலர் 90 ஆனா திர்ஹாம் 24 ரூபா 50 காசு. அவங்க ரேட்டு ஏறுனா அனுப்பலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க, நாங்க எறங்காதான்னு காத்துக்கிட்டு இருக்கோம், ஒரே தெருவுல.

பேங்குல கேட்டப்ப 120 ரூபா 30 காசு சொன்னாங்க. இந்தக் கடையில 119. மொத்தத்துல 8,450 ரூபா மிச்சம், சொசைட்டி வட்டிக்காவது ஆவுமேன்னு போனேன்.

அந்தப் பையன் பேசுனத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். கம்ப்யூட்டர் ஸ்கிரீன என் பக்கம் திருப்பி வச்சான், அதுல நம்பர் பச்சையும் செவப்புமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, "பாருங்கக்கா, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது, இப்பவே லாக் பண்ணிடுறேன், அப்புறம் பவுண்டு 130 போனாலும் உங்களுக்கு 119தான்"னான். லெட்டர்பேடுல 119.00ன்னு பெருசா எழுதி, சுத்தி வட்டம் போட்டு, அதுக்கு மேல சீல் குத்தினான். தங்கச்சி எந்த ஊர்ல இருக்கு, அங்க குளிரு தாங்குதான்னு வேற விசாரிச்சான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் குடுக்குற ஏ2 ஃபாரம்ல கையெழுத்து வாங்குனான், பான் கார்டு ஜெராக்ஸ் வாங்குனான், எல்லாம் பேங்குல கேக்குற மாதிரியே இருந்துச்சு. 7,73,500 ரூபாய அங்க உக்காந்தே அவன் டிராவல்ஸ் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் போட்டோம். "நீங்க நிம்மதியா ஊருக்குக் கெளம்புங்கக்கா, ரெண்டு நாள்ல காலேஜ் கணக்குல ஏறிடும்."

ஏறல.

மொதல்ல டிட்வா புயல், மழையில ஸ்டாஃப் வரலன்னான். சரி, எங்க வயல்லயே தண்ணி நின்னுச்சு, நம்புனேன். அப்புறம் சர்வர் டவுன். அப்புறம் சென்னை ஆபீஸ்ல அப்ரூவல் நிக்குதுன்னான். பணம் அனுப்புனதுக்கு பேங்குல வர்ற ஸ்விஃப்ட் காப்பிய குடுன்னு கேட்டா ஒரு மங்கலான போட்டோ அனுப்புனான், அதுல எங்க பேரும் இல்ல காலேஜ் பேரும் இல்ல. அஞ்சாம் தேதியும் தாண்டிடுச்சு. பொண்ணு அங்கேந்து அழுவுறா, ஃபீஸ் கட்டலன்னு மெயில் மேல மெயில் வருதும்மான்னு, அவளே ஆபீஸ்ல போயி கெஞ்சி டைம் வாங்குனா. நேர்ல போனா கவுண்டர்ல இருக்குற சின்னப் பையன் "அண்ணன் காரைக்கால் போயிருக்காரு"ன்றான், எப்ப போனாலும் அதே காரைக்கால். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் படியிலயே உக்காந்துட்டாரு, அன்னிக்கு மட்டும் உள்ள ரூம்லேந்து அண்ணன் வந்துட்டாரு.

இதுக்குள்ள டிசம்பர் 3ஆம் தேதி டாலர் 90 தாண்டி, 16ஆம் தேதி 91ம் தாண்டிடுச்சு. அன்னிக்கித்தான் அவனே ஃபோன் பண்றான், இத்தன நாள் எடுக்காதவன். "அக்கா, ரேட்டு இப்ப 122.60, டிஃபரன்ஸ் 23,400, ஜிஎஸ்டி 6,800, பேங்க் சார்ஜ் 1,400, மொத்தம் 31,600 போட்டீங்கன்னா இன்னிக்கே அனுப்பிடுவேன்." லாக் பண்ணேன்னு சொன்னியேடான்னு கேட்டேன். "ட்ரம்ப் 50 சதவீதம் வரி போட்டா ரூபா விழுது, அதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன், மார்க்கெட்டு என் கையிலயா இருக்கு?" சீல் குத்துன பேப்பர் இருக்குன்னேன். "அது அன்னிக்கு ரேட்டுக்கா"ன்னான். வேணாம்னா பணத்தத் திருப்பித் தர்றேன், ஆனா பதினஞ்சு வேலை நாள் ஆவும்னான். பொண்ணுக்குக் குடுத்த டைம் அந்த வாரத்தோட முடியுது. ஜிபேல போட்டேன், வேற என்ன செய்யச் சொல்றீங்க. அன்னிக்கே காலேஜுக்குப் போயிடுச்சு, அதான் இன்னும் எரியுது. அப்ப அனுப்புற வழி அவன்கிட்ட மொதல்லேந்தே இருந்துருக்கு.

அப்புறம்தான் பேங்குல ஒரு மேடம் வெவரமா சொன்னாங்க. அவன் லாக்கும் பண்ணல ஒண்ணும் பண்ணல. என் காச வாங்கி வச்சிக்கிட்டு பவுண்டு எறங்குமான்னு பாத்துருக்கான். எறங்கியிருந்தா கம்மிக்கு வாங்கி அனுப்பிட்டு மிச்சத்த அவன் எடுத்துப்பான், ஏறிடுச்சுன்னா என் தலையில. எப்புடிப் போனாலும் அவனுக்கு நஷ்டமே இல்ல. நெசமா புக் பண்ணா அன்னிக்கே அந்த ரேட்டுல டீல் நம்பரோட பேப்பர் வருமாம்.

ஜிஎஸ்டி கதைய கேளுங்க. வெளிநாட்டுப் பணம் மாத்துறதுக்கு மொத்தத் தொகை மேல வரி கெடையாது. ஒரு லட்சம் வரைக்கும் 1 சதவீதம், அதுக்கு மேல பத்து லட்சம் வரைக்கும் ஆயிரம் ரூபாயோட மிச்சத்துக்கு அரை சதவீதம்னு ஒரு மதிப்பு கணக்கு பண்ணி, அந்த மதிப்புக்குத்தான் 18 சதவீதம். என்னோட 7,96,900க்கு போட்டுப் பாத்தா 807 ரூபா வருது. எண்ணூத்தி ஏழு! அவன் வாங்குனது 6,800. பில் கேட்டா இன்னும் வரல.

31,600 ஒண்ணும் கோடி இல்லதான். ஆனா என் பொண்ணு ஸ்டூடன்ட் விசால காலேஜ் நடக்குறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேல செய்யலாம், 2025 கணக்குல மணிக்கு 12.21 பவுண்டு. அவன் ரேட்டுலயே 31,600ன்னா 258 பவுண்டு கிட்ட. ஒரு வாரம் முழுக்க ராத்திரி கடையில நின்னு தட்டு கழுவுனாலும் பத்தாது. இத அவகிட்ட நான் இன்னும் சொல்லல, இங்க படிச்சா படிக்கட்டும்.

என்னென்ன கவனிக்கணும்னு நெறைய எழுதணும்னு உக்காந்தேன், இப்ப கையே நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்றேன். பேங்கு ரேட்டு போர்டுல டிடி (TT) செல்லிங் ரேட்ட பாருங்க, அதான் நம்ம அனுப்புற ரேட்டு, கூகுள்ல வர்றது இல்ல. நோட்டு மாத்த மட்டும் லைசென்ஸ் வச்சிருக்குற மணி சேஞ்சர் காலேஜுக்குப் பணம் அனுப்ப முடியாது, லைசென்ஸ் யாருக்கு இருக்குன்னு ரிசர்வ் பேங்க் வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு. டிராவல்ஸ் கணக்குக்கு காசு போடச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. டீல் நம்பர் இல்லாம லாக்குன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

நான் சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு ஃபோன் பண்ணி புகார் குடுத்துட்டேன், ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுக்கப் போறேன். வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கம் இதே மாதிரி மாடிக்கடையில வட்டம் போட்ட லெட்டர்பேடு பேப்பர் வச்சிருக்குறவங்க யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஒத்த ஆளா போனா உக்கார வச்சே அனுப்பிடுவாங்க, நாலஞ்சு பேரா போவோம்.