யானைக்குப் புதுப் பாகன்: சேபனுக்குப் பின் அலபாமா பார்த்த நான்கு பேர்

2024 ஜனவரி 10, புதன்கிழமை. அலபாமா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் தன் வீரர்களைக் கூட்டி, ஓய்வு பெறுவதாகச் சொன்னார். வயது 72. அலபாமாவில் 17 சீசன், 6 தேசியப் பட்டம். அதற்கு முன் எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வென்ற ஒன்றையும் சேர்த்தால் 7. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இப்படி ஒரு நாற்காலி காலியாவது தலைமுறைக்கு ஒருமுறை. (நாம் ஆடும் கால்பந்து இல்லை இது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக முட்டி மோதுகிற ஆட்டம்.) டஸ்கலூசா ஊரில் இருப்பவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், ஊர் நடுவே நிற்கும் ஸ்டேடியத்தில் 1,00,077 இருக்கை. அங்கே கோச் என்றால் என்ன மரியாதை என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

அலபாமாவின் சின்னம் யானை. கோயில் யானைக்குப் பாகன் மாறினால் புதியவரின் குரலுக்கு அது பழக நாளாகும். அலபாமாவுக்கு அந்த அவகாசம் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் விலகினால், அந்த அணியின் வீரர்கள் 30 நாளுக்குள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற கல்லூரி மாறுவோர் பட்டியலில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்குப் போகலாம் என்பது அன்றைய விதி. முன்பெல்லாம் மாறிப் போகிறவர் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021 முதல் அதுவும் கிடையாது. முதலாம் ஆண்டிலேயே அணியில் அதிக டாக்கிள் (பந்தோடு ஓடுகிறவரை மடக்கி வீழ்த்துவது) எடுத்த கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். பந்தைப் பிடிக்கும் ஐசையா பாண்ட் டெக்சாஸுக்குப் போனார். விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பர்ன் வீரர்களிடம் 72 மணி நேரம் கேட்டார். இரண்டே நாளில் ஆளைப் பிடித்துவிட்டார்.

அந்த இரண்டு நாளில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர்கள் நான்கு: ஒரேகானின் டான் லானிங், டெக்சாஸின் ஸ்டீவ் சார்கீசியன், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் நார்வெல், வாஷிங்டனின் கேலன் டிபோர். முன்னால் வந்த மூவருமே ஏதோ ஒரு காலத்தில் சேபனிடம் வேலை பார்த்தவர்களாக இருந்திருந்தால் இந்த அலசல் எளிதாகியிருக்கும். அப்படி இல்லை. இருவர் சேபன் வீட்டுப் பிள்ளைகள், இருவர் வெளியாட்கள்.

சேபன் வீட்டுப் பிள்ளைகள்

அந்தப் புதன்கிழமை இரவு என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் லானிங் என்றிருப்பேன். அப்போது அவருக்கு 37 வயது. மிசூரியில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் கோச்சாகவும் இருந்தவர், ஒரு வேலை கேட்பதற்காக இரவெல்லாம் காரோட்டி பிட்ஸ்பர்க் போனவர். 2015ல் சேபனிடம் கடைநிலை உதவியாளர். பிறகு ஜார்ஜியாவின் தடுப்பாட்டத்தைக் கட்டியவர். 2021 சீசனின் இறுதி ஆட்டத்தில் சேபனின் அலபாமாவையே 33-18 என்று மடக்கிப் பட்டம் வாங்கியது அந்த அணி. ஒரேகானில் இரண்டு சீசனில் 22 வெற்றி, 5 தோல்வி. தெற்கத்திப் பள்ளிகளில் ஆள் சேர்க்கத் தெரிந்தவர், இளைஞர், சேபன் முறையை உள்ளிருந்து பார்த்தவர். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜாதகம் அமையாது.

ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் ஒரேகானுக்கு 2 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. நைக் நிறுவனர் ஃபில் நைட்டின் பண பலம் ஒரேகானுக்குப் பின்னால் நிற்கிறது. சேபன் விலகிய மறுநாளே லானிங் வீடியோ போட்டு, நான் எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டார்.

சார்கீசியன் கதை வேறு. 2015ல் யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வேலையை இழந்து நின்றவரை, 2016ல் சேபன்தான் அழைத்து ஒரு சின்னப் பொறுப்பில் உட்கார வைத்தார். 2020ல் தோல்வியே இல்லாமல் 13 ஆட்டத்தையும் வென்ற அலபாமாவின் தாக்குதல் ஆட்டம் முழுக்க அவர் வகுத்தது. 2023 செப்டம்பரில் அதே மைதானத்துக்கு டெக்சாஸ் அணியோடு வந்து, குருவை 34-24 என்று தோற்கடித்தார். அந்த வருஷம் 12 வெற்றி, 2 தோல்வி, தேசியப் பட்டத்துக்காக அப்போது நான்கே அணிகள் மோதிய பிளேஆஃபில் அரையிறுதி. அலபாமாவின் ஒவ்வொரு அறையும் தெரிந்தவர் என்பது பெரிய பலம். ஆனால் டெக்சாஸ் அதைவிட ஏழையான இடம் இல்லை. 2024 ஜூலையில், அலபாமா இருக்கும் எஸ்.இ.சி. என்ற தெற்கத்திக் கல்லூரிகளின் லீக்குக்கே அதுவும் வரவிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் குடிபோக, சொந்த வீட்டை யார் விற்பார்?

நார்வெல்

இவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023ல் நார்வெலின் ஃப்ளோரிடா ஸ்டேட், பிளேஆஃப் தேர்வு நாள் வரை, 13 ஆட்டத்தில் 13 வெற்றி. அப்படியும் பிளேஆஃபில் இடமில்லை. நான்காவது இடம், ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்குப் போனது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜார்டன் டிராவிஸ் கால் முறிந்து விழுந்ததே காரணமாகக் காட்டப்பட்டது. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கோச்சை எடை போடும்போது அதே சம்பவம் வேறொன்றையும் சொல்கிறது: டிராவிஸும், தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ஜாரட் வெர்ஸும், பந்தைப் பிடித்த கியான் கோல்மனும் வேறு கல்லூரிகளில் தொடங்கி மாறி வந்தவர்கள். ஓரிரு தூண்கள் மேல் நின்ற கட்டடம் அது. நார்வெல் எட்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கினார். 2024ல் 2 வெற்றி, 10 தோல்வி.

டிபோர்

சவுத் டகோட்டாக்காரர். தான் படித்த சூ ஃபால்ஸ் கல்லூரியில், டிவி கேமரா எட்டிப் பார்க்காத என்.ஏ.ஐ.ஏ. என்ற சிறு கல்லூரிகளின் மட்டத்தில், 2005 முதல் 2009 வரை 67 வெற்றி, 3 தோல்வி, 3 பட்டம். அதன்பின் பத்து வருஷம் அடுத்தவர்களின் அணியில் உதவிப் பயிற்சியாளர். 2020ல்தான் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் தலைமைப் பொறுப்பு, 2022ல் வாஷிங்டன். தலைமைப் பயிற்சியாளராக மொத்தம் 104 வெற்றி, 12 தோல்வி.

அவருக்கு எதிராகச் சொன்னவை எல்லாம் நியாயமானவை. எஸ்.இ.சி.யில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. தெற்கத்திப் பள்ளிக் கோச்சுகளிடம் பழக்கமில்லை. 2024 ஜனவரி 8 இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் அவர் அணிமேல் 303 கெஜம் ஓடியே எடுத்து 34-13 என்று வென்றது. முன்வரிசையில் மோதுகிற பலம் அவர் அணிக்குப் போதவில்லை என்பதை நாடே பார்த்தது.

பிறகும் பர்ன் பிடித்த ஆள் அவர்தான். ஏன்?

முதல் வருஷம் என்ன செய்தார்

மொத்த வெற்றிக் கணக்கை நான் அதிகம் நம்புவதில்லை. வசதியான இடத்தில் அதிக நாள் இருந்தால் அது தானாகச் சேரும். வேறொருவர் சேர்த்த ஆட்களை வைத்துக்கொண்டு முதல் சீசனில் என்ன செய்தார் என்பதுதான் 2024ல் அலபாமாவுக்கு வேண்டிய உரைகல். ஏனென்றால் அங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களைத் தக்கவைத்து ஆட வைக்கும் கை மட்டும்தான் இல்லை.

லானிங் வருமுன் ஒரேகான் 10 வெற்றி, 4 தோல்வி. வந்த வருஷம் 10-3. கையில் வாங்கியதைச் சிந்தாமல் ஏந்தினார். டெக்சாஸ் 7-3ல் இருந்தது. சார்கீசியனின் முதல் வருஷம் 5-7, அதில் கான்சஸிடம் சொந்த மைதானத்தில் 57-56 என்ற தோல்வியும் உண்டு. ஃப்ளோரிடா ஸ்டேட் 6-7. நார்வெலின் முதல் வருஷம், கோவிட் காலத்தில், 3-6. இருவருக்கும் மூன்றாம் வருஷத்தில்தான் விடிந்தது. வாஷிங்டன் 4-8. டிபோரின் முதல் வருஷம் 11-2, அடுத்தது 14-1. அந்த அணியில் ரோம் ஒடூன்ஸே போன்ற முக்கியமான பலர் முந்தைய கோச் சேர்த்தவர்கள். குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ், இண்டியானாவில் ஒவ்வொரு சீசனும் காயத்தில் முடிந்துபோனவர். 2019ல் அங்கே தன்னோடு வேலை பார்த்த டிபோரை நம்பி வந்தார். 2023ல் நாட்டிலேயே அதிகமாக 4,903 கெஜம் வீசினார்.

இன்னொன்று, அந்த இரண்டு நாள் பேச்சில் போதிய கவனம் பெறாதது. இந்த நால்வரில் மூவர் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள். லானிங்கோடு டிபோர் மூன்று முறை: 37-34, 36-33, 34-31. மூன்றும் டிபோருக்கு, மூன்றும் மூன்றே புள்ளியில். சார்கீசியனோடு இரண்டு முறை: 27-20, 37-31. அவையும் டிபோருக்கு. ஐந்துக்கு ஐந்து. மூன்று புள்ளி வித்தியாசத்தில் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரேகானும் டெக்சாஸும் வாஷிங்டனைவிடப் பெயர்பெற்ற பள்ளி வீரர்களை அள்ளிய இடங்கள். குறைந்த சரக்கை வைத்து அவர்களை ஐந்து முறை சமாளித்தவரை வெளியாள் என்று ஒதுக்க முடியாது.

சேபனே முதல் வருஷம் 7-6 தானே, லூசியானா-மன்ரோ என்ற சிறிய அணியிடம்கூடத் தோற்றாரே என்று கேட்கலாம். சரியான கேள்வி. 2007ல் மாறிப் போகிறவர் ஒரு வருஷம் உட்கார வேண்டியிருந்தது. வீரர்கள் வேறு வழியின்றிப் புதுக் கோச்சோடு இருந்து பழகினார்கள். அந்தப் பொறுமை 2024ல் யாருக்கும் கிடைத்திருக்காது.

சீடர்தான் வேண்டும் என்றவர்களுக்கு அலபாமாவின் பழைய ஏடுகளே பதில். 1982ல் பேர் பிரயண்ட் 323 வெற்றியோடு ஓய்வு பெற்றபோது, அவரிடமே ஆடிய ரே பெர்கின்ஸைக் கொண்டுவந்தார்கள். பிரயண்ட் ஏறி நின்று பயிற்சியைப் பார்த்த கோபுரத்தைப் பெர்கின்ஸ் அகற்ற, ஊர் கொதித்தது, 1984ல் 5-6. அடுத்து வெளியாள் பில் கரி. 1988ல் ஒரு தோல்விக்குப் பிறகு அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. 1992ல் பட்டம் கொண்டுவந்த ஜீன் ஸ்டாலிங்ஸும் பிரயண்டின் சீடர்தான், ஆனால் மூன்றாவதாக வந்தவர். பெரியவர் எழுந்த நாற்காலியில் உடனே உட்காருகிறவருக்கு, சீடரானாலும் வெளியாளானாலும், சூடு ஒன்றுதான்.

நடந்தது

2024 செப்டம்பர் 28 அன்று டிபோரின் அலபாமா, ஜார்ஜியாவை 41-34 என்று வென்றது. முன்னிலை பறிபோன கடைசி நிமிடங்களில் 75 கெஜப் பாஸ் ஒன்றைப் பிடித்து அதை மீட்டவர் 17 வயது ரையன் வில்லியம்ஸ். சேபன் விலகியதும் அலபாமாவில் சேருவதாகக் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கி, டிபோர் வந்தபின் திரும்பி வந்த பையன். ஒரு வாரம் கழித்து, முதலிடத்தில் இருந்த அதே அணி, 1984க்குப் பிறகு அலபாமாவை வென்றிராத வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றது. ஆட்ட நேரத்தில் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட்டின் கையில். மிச்சிகன் காட்டிய அதே ஓட்டை. சீசன் 9-4. 2007க்குப் பிறகு பத்து வெற்றியைத் தொடாத முதல் வருஷம்.

லானிங் அதே வருஷம் 13-1, சார்கீசியன் 13-3. அதைப் பார்த்து அலபாமாக்காரர்கள் ஏங்கியது புரிகிறது. ஆனால் கிடைக்காத மாப்பிள்ளையோடு கிடைத்தவரை ஒப்பிடுவது நியாயமில்லை. கிடைக்கக்கூடியவர்களில் டிபோர்தான் சரியான தேர்வு என்று இப்போதும் சொல்வேன். 2025ஐ நார்வெலிடம் 31-17 என்று தோற்றுத் தொடங்கினாலும், ஜார்ஜியாவை அதன் சொந்த மண்ணில் வென்று, அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

அங்கே அவர் முடிந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. 2024 ஜனவரி 1 அன்று சேபன் கடைசியாகக் களத்தோரம் நின்ற அதே ரோஸ் போல் மைதானத்தில், 2026 ஜனவரி 1 அன்று, அலபாமா 38-3 என்று இண்டியானாவிடம் தோற்றது. எதிர்ப்பக்கம் நின்ற கோச் கர்ட் சிக்னெட்டி. 2007ல் சேபன் அலபாமாவில் அமைத்த முதல் குழுவில் இருந்தவர். ஆள் சேர்க்கும் பொறுப்பை ஒருங்கிணைத்தவர். 2011ல் தலைமைப் பொறுப்புக்காகவே பென்சில்வேனியாவில் இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்கு இறங்கிப் போனார். பிறகு ஈலான், ஜேம்ஸ் மேடிசன். போன இடமெல்லாம் வென்றார். சீடர், தலைமை அனுபவசாலி, ஆள் சேர்க்கத் தெரிந்தவர், மூன்றும் ஒரே ஆளில். என் உரைகல்லிலும் அவரை மிஞ்ச ஆளில்லை: இண்டியானா 2023ல் 3-9, அவருடைய முதல் வருஷம் 11-2. 2024 ஜனவரியில் அவர் பெயரை யாரும் பேசவில்லை, அப்போது 62 வயது. இண்டியானா அவரை நியமித்தது 2023 நவம்பர் 30 அன்று, சேபன் தன் வீரர்களைக் கூட்டிய அந்தப் புதன்கிழமைக்கு 41 நாள் முன்பு.