இப்படிச் சொல்வதா, அப்படிச் சொல்வதா? நேர்காணல் பதில்கள், ஜோடி ஜோடியாக

நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் 'என்ன சொல்வது' என்பதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். உங்கள் அனுபவம் இவ்வளவுதான், அதை ஒரு வாரத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதைச் சொல்லும் விதம் மட்டும் கடைசி நிமிடம் வரை உங்கள் கையில் இருக்கிறது. ஒரே உண்மையை இரண்டு மூன்று விதமாகச் சொல்லலாம். அதில் எது நிற்கிறது, எது சரிகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எல்லா ஜோடிகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: அடுத்த கேள்வி. நீங்கள் பதில் சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர் "எப்படி?" என்றோ "ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்றோ கேட்டால் அந்த வாக்கியம் தாங்குமா? தாங்காது என்றால், காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. இன்று ஓரளவு ஒழுங்காக ஆள் எடுக்கும் இடங்களில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். இதைத்தான் கட்டமைத்த நேர்காணல் என்பார்கள். மனம்போன போக்கில் பேசிப் பார்த்து எடுப்பதைவிட இது மேல் என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதோடு கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51 அளவு தொடர்பு இருந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). கட்டமைக்காத பேச்சுக்கு 0.38. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கை மறுபடி போட்டபோது எண்கள் இறங்கின. ஆனாலும் கட்டமைத்த நேர்காணல்தான் 0.42 என்று, ஆள் எடுக்கும் முறைகளின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உங்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எதிரே இருப்பவர் குறிப்பெடுக்கிறார். 'நல்ல பையன், நன்றாகப் பேசினான்' என்று எழுதி மதிப்பெண் போட முடியாது. எழுதிக்கொள்ளத் தோதான ஒரு வாக்கியத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

'நாங்கள்' எதிர் 'நான்'

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது. 'நான், நான்' என்று சொன்னால் தற்பெருமையாகத் தெரியுமோ என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் 'நாங்கள்' ஆக்கிவிடுகிறார்கள். கணக்குப் பிரிவு வேலைக்கு வந்த ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

"மாதக் கணக்கு முடிக்க முன்பெல்லாம் 5 நாள் ஆகும். நாங்கள் அதை 3 நாளாகக் குறைத்தோம்."

"நல்லது. அதில் உங்கள் பங்கு என்ன?"

"எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம்."

இதோடு கதை முடிந்தது. இவர் பொய் சொல்லவில்லை, அடக்கமாகத்தான் பேசினார். ஆனால் குறிப்பெடுப்பவரின் பேனா நின்றுவிட்டது. சரி, எதிர்முனைக்குப் போய் "நான்தான் குறைத்தேன்" என்று சொன்னால்? "குழுவில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கே திணறினால் முதலில் சொன்னதும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எனக்குப் பிடித்தது இவை இரண்டும் இல்லாத மூன்றாவது வழி:

"குழுவில் நாங்கள் நான்கு பேர். தாமதம் எங்கே ஆகிறது என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. கிளைகளிலிருந்து ரசீதுகள் கடைசி நாளில்தான் வந்து குவிகின்றன என்று தெரிந்தது. வாராவாரம் அனுப்புகிற மாதிரி ஒரு படிவம் தயாரித்தேன். கிளைகளைச் சம்மதிக்க வைத்தவர் என் மேலாளர்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். பெருமையில் ஒரு பங்கை மேலாளருக்குக் கொடுத்துவிட்டார். அதனாலேயே, தான் செய்ததாகச் சொன்ன மற்ற பகுதி நம்பும்படி ஆகிவிட்டது. நடந்தது 'நாங்கள்', செய்தது 'நான்', கைகொடுத்தது 'இன்னார்' என்று பிரித்துச் சொன்னால் எத்தனை கேள்வி வந்தாலும் தாங்கும்.

இன்னொன்று, தமிழில் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'தயாரித்தேன்', 'கேட்டேன்', 'மாற்றினேன்' என்ற வினையிலேயே ஆள் இருக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' போடவே வேண்டாம். கூச்சப்படுகிறவர்கள் எழுவாயை எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். பெருமையடிப்பது போலவும் இருக்காது, பங்கும் தெளிவாக இருக்கும். இதற்கு நேர்மாறான பழக்கம் 'செய்யப்பட்டது', 'குறைக்கப்பட்டது' என்று பேசுவது. அறிக்கையில் இருந்துவிட்டுப் போகட்டும். வாயால் சொல்லும்போது யார் செய்தது என்பதே மறைந்துவிடும்.

இதே வரிசையில் சேரவேண்டிய ஒரு வினைச்சொல் 'பார்த்துக்கொண்டேன்'. "வாடிக்கையாளர் புகார்களையெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன்." என்ன பார்த்தீர்கள்? தொலைபேசியை எடுத்தீர்களா, பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தீர்களா, புகார்களைத் தரம் பிரித்தீர்களா? 'ஹேண்டில் பண்ணினேன்' என்பதும் இதன் தம்பிதான். இரண்டுக்கும் பதிலாகக் கையால் செய்த வேலையைச் சொல்லுங்கள்.

'கடின உழைப்பாளி' எதிர் ஒரு சம்பவம்

இதில் போட்டியே இல்லை. கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவோடு ஒத்துப்போகிறவர் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதால் யாருக்கும் மதிப்பெண் கிடைப்பதில்லை. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படி வரிசை பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. நல்ல வரிசைதான். ஆனால் பலர் சூழலை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிட்டுச் செயலை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பது செயலில். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும்.

விளைவைச் சொல்லும்போது ஒரு சின்ன ஒப்பீடு. "நேரத்தை 40 சதவீதம் குறைத்தேன்" என்பதா, "5 மணி நேர வேலையை 3 மணி நேரமாக்கினேன்" என்பதா? கணக்கு ஒன்றுதான். இரண்டாவதையே நான் எடுப்பேன். சதவீதம் என்றதும் 'எதில் 40?' என்று கேட்கத் தோன்றும். மணி நேரம் என்றால் காட்சியே தெரிந்துவிடும். எண் துல்லியமாக நினைவில்லை என்றால் 'சுமார்' போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. இல்லாத எண்ணை உருவாக்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் எண்ணுக்கு 'எப்படி அளந்தீர்கள்?' என்ற அடுத்த கேள்வி கட்டாயம் உண்டு.

'செய்வேன்' எதிர் 'செய்தேன்'

இதற்கு விடை கேள்வியிலேயே இருக்கிறது. நேர்காணல் கேள்விகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது ஒன்று, கேரி லேத்தம் குழுவினர் 1980இல் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். "இப்படி ஒரு நிலைமையை முன்பு எப்படிச் சமாளித்தீர்கள்?" என்பது இன்னொன்று, டாம் ஜான்ஸ் 1982இல் இதற்காக வாதாடினார்.

கடந்த காலத்தில் கேட்ட கேள்விக்கு "பொதுவாக நான் அவர்களிடம் பொறுமையாகப் பேசுவேன்" என்று பதில் சொன்னால், அந்த 'பொதுவாக' உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வரவில்லை என்று அர்த்தம். மாறாக 'என்ன செய்வீர்கள்' என்ற கேள்விக்கு, முதலில் 'இதைச் செய்வேன்' என்று சொல்லிவிட்டு, 'போன வருஷம் கிட்டத்தட்ட இதே மாதிரி வந்தபோது இப்படித்தான் செய்தேன்' என்று ஒட்டவைத்தால் நல்லது. கேட்டதற்கும் பதில், கேட்காததற்கும் சான்று.

'தெரியாது' எதிர் சுற்றி வளைப்பது

மழுப்பல், வெறும் 'தெரியாது', 'தெரியாது' சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வாக்கியம் என்று மூன்று வழிகள்.

மழுப்பல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர் அந்தத் துறையில் இருப்பவர். இரண்டாவது கேள்வியிலேயே வண்டி நின்றுவிடும். வெறும் 'தெரியாது' நேர்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மதிப்பெண் போட அங்கே ஒன்றுமில்லை. "இந்த மென்பொருளில் வேலை செய்ததில்லை. இதே வேலையைச் செய்யும் வேறொன்றில் இரண்டு வருஷம் இருந்தேன், அதில் அறிக்கை எடுக்கும் முறை இப்படி. இதிலும் அப்படித்தானா?" இந்தப் பதில் குறையை மறைக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. கடைசியில் கேள்வி கேட்பது எதிரே இருப்பவரை விளக்கம் சொல்கிறவராக மாற்றிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: இதை ஒரே நேர்காணலில் பல முறை செய்தால் எரிச்சல் வரும்.

'சீக்கிரம் கற்றுக்கொள்வேன்' என்ற வாக்கியத்தை இந்த இடத்தில் சொருகாமல் இருப்பது நல்லது. சொல்லியே ஆக வேண்டுமென்றால், கடைசியாக எதைக் கற்றீர்கள், எவ்வளவு நாளில் என்பதோடு சொல்லுங்கள்.

'எனக்கு எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும்' எதிர் உண்மையான குறை

'உங்கள் பலவீனம் என்ன?' அலுத்துப்போன கேள்விதான், இருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பலவீனம் என்ற பெயரில் பலத்தைச் சொல்லும் தந்திரம் கேள்வியைவிடப் பழசு. 'அதிகமாக உழைத்துவிடுகிறேன்', 'வேண்டாம் என்று சொல்லத் தெரியாது' வகையறா. இப்படி அடக்கம்போல வேஷம் போட்ட பெருமையைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பலவீனம் என்ன என்று கேட்டபோது பெரும்பாலோர் இந்தத் தந்திரத்தைத்தான் செய்தார்கள். மதிப்பிட்டவர்களோ, உள்ளதைச் சொன்னவர்களையே வேலைக்கு எடுக்க அதிகம் விரும்பினார்கள். நேரடியாகப் பெருமை பேசுபவரைக்கூடச் சகித்துக்கொள்கிறார்கள், வேஷத்தைச் சகிப்பதில்லை.

அதற்காக மனம்திறந்து கொட்டவும் வேண்டாம். 'கோபம் வரும்' என்பது உண்மையாக இருக்கலாம், வாடிக்கையாளர் சேவை வேலைக்கு அது தற்கொலை. அந்த வேலையின் மையத்தில் இல்லாத ஒரு குறை, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற நடைமுறை, இவ்வளவு போதும்: "பெரிய கூட்டத்தில் உடனே கருத்துச் சொல்ல வராது. அதனால் கூட்டத்துக்கு முந்தின நாளே இரண்டு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறேன்." 'எந்தக் கூட்டத்தில் கடைசியாக அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டாலும் இவருக்குப் பதில் இருக்கும். 'கச்சிதம்'காரருக்கு இருக்காது.

பழைய இடத்தைக் குறை சொல்வது எதிர் புதிய இடத்தைக் காரணமாக்குவது

மேலாளர் கொடுமைக்காரராகவே இருக்கட்டும். அதைச் சொல்லக் கூடாது என்பதற்கு மரியாதையைவிட வலுவான காரணம் இருக்கிறது. 1998இல் ஜான் ஸ்கொவ்ரான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள்: ஒருவர் மூன்றாம் நபரைப் பற்றிச் சொல்லும் குணம், கேட்பவரின் மனதில் சொன்னவர்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. 'அவர் பொறுப்பில்லாதவர்' என்றால் பொறுப்பின்மை உங்கள் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்ளும். "அங்கே பராமரிப்பு வேலைதான் அதிகம். புதிதாகக் கட்டும் வேலை செய்ய ஆசை, இங்கே அது இருக்கிறது" என்பது அதே உண்மையின் இன்னொரு முகம். ஆட்குறைப்பில் போன வேலை என்றால் 'ஆட்குறைப்பு' என்றே ஒரு வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடுங்கள். நீட்டினால்தான் சந்தேகம்.

ஒற்றை எண், வரம்பு, எதிர்க்கேள்வி: சம்பளம்

'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்பதற்கு மூன்று பதில்கள் போட்டியில் இருக்கின்றன. 'நிறுவனத்தின் விதிப்படி' என்பதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. அது பேரத்தை ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடுகிறது.

முதல் எண்ணை வைப்பவருக்குச் சாதகம் உண்டு. ஆடம் கலின்ஸ்கியும் தாமஸ் முஸ்வைலரும் 2001இல் எழுதியது இதைத்தான்: முதலில் விழுந்த எண்ணைச் சுற்றியே பேரம் நடக்கிறது. ஆனால் சந்தை நிலவரம் தெரிந்தவருக்குத்தான் இது உதவும். தெரியாமல் குறைவான எண்ணைச் சொல்லிவிட்டால் அதுவே உங்கள் கூரையாகிவிடும். நிலவரம் தெரியாதபோது "இந்தப் பணிக்கு ஒதுக்கிய வரம்பைச் சொன்னால் அதற்குள் பேசலாம்" என்ற எதிர்க்கேள்வி பாதுகாப்பானது. மறுபடி உங்களிடமே தள்ளினால் எண் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது முறையும் நழுவுவது நன்றாக இருக்காது.

வரம்பாகச் சொல்வதில் ஒரு நுணுக்கம். 100 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். '80 முதல் 100' என்றால் எதிரே இருப்பவர் காதில் 80 மட்டும் விழும். '100 முதல் 115' என்று, வேண்டியதை அடியில் வைத்து மேலே நீட்டினால் ஒற்றை எண்ணைவிடவும் நல்ல பலன் கிடைக்கலாம், கேட்டவர் கறாரானவராகவும் தெரிவதில்லை. டேனியல் ஏம்ஸ், மாலியா மேசன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது. 100க்கு ஆதாரம் கையில் இருந்தால் இந்த வரம்பையே எடுங்கள். 'ஏன் 100?' என்பதும் அடுத்த கேள்விதானே. 'வீட்டுச் செலவு' அதற்குப் பதிலாகாது. இந்தப் பணிக்குச் சந்தையில் என்ன கொடுக்கிறார்கள், நீங்கள் கூடுதலாக என்ன கொண்டுவருகிறீர்கள் என்பதுதான் பதில்.

'கேள்வி ஏதும் இல்லை' எதிர் ஒரு கேள்வி

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். இல்லை என்பது தவறு, விடுமுறை எத்தனை நாள் என்பது அவசரம். 'இங்கே வளர்ச்சி வாய்ப்பு எப்படி?' என்பதற்கும் 'முதல் மூன்று மாதத்தில் இந்தப் பணியில் இருப்பவர் எதை முடித்திருந்தால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்?' என்பதற்கும் நிறைய தூரம். முன்னதற்கு 'நன்றாக இருக்கிறது' என்ற பதிலோடு பேச்சு தீர்ந்துவிடும். பின்னதற்கு அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம், அடுத்த சுற்றுக்கு உதவும்.