எலும்பு டாக்டரா, ருமட்டாலஜியா, சித்தாவா? 'வாதமா இருக்கலாம்' என்றால் எங்கே போவது

முடக்கு வாதமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். கொஞ்சம் அதிகம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் விரல் மடங்க மறுக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சென்னையில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. மாடி வீட்டு அக்கா முடக்கத்தான் தோசை என்பார், ஆபீஸில் ஒருவர் எலும்பு டாக்டர் என்பார், மெடிக்கல் ஷாப்காரர் கேட்காமலே ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டுவார். நானும் இந்த 'இருக்கலாம்' கூட்டத்தில் ஒருத்திதான். ஒவ்வொரு வழியையும் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். வலி குறைகிறதா? மூட்டு பிழைக்கிறதா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' வந்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். சிக்கலே அங்கேதான்.

முடக்கு வாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கிறது. அரித்துப் போனது திரும்ப வளராது. அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே தொடங்கிவிடும். அதனால்தான் அறிகுறி தெரிந்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் பலன் அதிகம் என்கிறார்கள்.

முதல் போட்டி எலும்பு டாக்டருக்கும், வாத நோய்களுக்கென்றே படித்த ருமட்டாலஜி டாக்டருக்கும். முழங்கால் தேய்மானம், எலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் எலும்பு டாக்டரை விட்டால் ஆளில்லை. தேய்மான வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். வாத வலி நேர் எதிர். ஓய்வுக்குப் பிறகுதான் மோசம், இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். மணிக்கட்டு, விரல் அடி மூட்டு, நடு மூட்டு என்று இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டைப் பெரும்பாலும் தொடாது. உங்கள் வலி இரண்டாவது ரகம் என்றால் நேராக ருமட்டாலஜிக்குப் போங்கள் என்பது என் கட்சி. நல்ல எலும்பு டாக்டர் தானே அங்கே சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். அனுப்பாமல் மாதா மாதம் வலி மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம் சிக்குன்குனியா. 2006இல் ஊரே நொண்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி நீடிக்கலாம், பார்ப்பதற்கு அப்படியே வாதம் மாதிரி இருக்கும். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதற்கும் இப்படிப்பட்ட வைரஸ் காய்ச்சல்கள் ஒரு காரணம். வைரஸ் வீக்கம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், சிக்குன்குனியா விதிவிலக்கு.

பரிசோதனையிலும் இரண்டு வழி. விளம்பரத்தில் வரும் 'மூட்டு வலி பேக்கேஜ்' ஒன்று, டாக்டர் பார்த்துவிட்டு எழுதுவது இன்னொன்று. பேக்கேஜில் ஆர்.ஏ. ஃபாக்டர் இருக்கும், யூரிக் ஆசிட் இருக்கும், கூடவே தேவையில்லாத பத்தும் இருக்கும். முடக்கு வாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்ட்டி சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் நோயே இல்லாத வயதானவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டும். நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நெகட்டிவாகவே இருக்கும். சி.சி.பி. பாசிட்டிவ் என்றால் அதற்கு அதைவிட எடை அதிகம். ஆனால் அதுவும் நெகட்டிவாக இருந்தும் வாதம் இருக்கலாம். 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய டாக்டர்கள் சேர்ந்து வகுத்த முறையில் பத்துக்கு ஆறு புள்ளி வந்தால் முடக்கு வாதம் என்று வகைப்படுத்துவார்கள். அதில் பாதிப் புள்ளிகள் எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கே. அதாவது கையைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் பேப்பரை மட்டும் பார்த்து 'ஒன்னும் இல்லம்மா' என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அரசா, தனியாரா? சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைச் சேர்ந்த ருமட்டாலஜிக்கென்றே ஒரு தனி நிலையம் இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் கூட்டம்தான். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்ப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். விரல் இறுகிக் கிடக்கும் நேரத்தில் வரிசையில் நிற்பது லேசான காரியம் இல்லை. ஆனால் நாள் முழுக்க இதே நோயைப் பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், மாத்திரைக்கும் காசு இல்லை. தனியாரில் சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போகலாம், ஒரே டாக்டர், உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே செலவு ஃபீஸோடு நிற்பதில்லை. மருந்து தொடங்கியபின் ரத்தப் பரிசோதனை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அந்தச் செலவை ஐந்து வருடம் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு தடவை தனியாரில் பார்த்து நோயை உறுதி செய்துகொண்டு, ஃபைலோடு ஜி.எச்.சுக்கு மாறுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது.

இனி மருந்து. டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் அன்றைய பொழுதை ஓட்ட உதவும். வலி குறைகிறதா? ஆமாம். மூட்டு பிழைக்கிறதா? இல்லை. வயிறு, கிட்னி, பி.பி. மூன்றையும் கவனிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு வேறு கதை. "ஒரு ஊசி போட்டுக்கோம்மா, மறுநாளே எழுந்து கோலம் போட்டேன்" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னால் அது பொய்யில்லை. 1948இல் கார்டிசோனை முதன்முதலாக வாத நோயாளிக்குக் கொடுத்தபோதும் அப்படித்தான் எழுந்து நடந்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அப்புறம்தான் எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது, முகம் ஊதுவதெல்லாம் தெரியவந்தது. இன்று அதைப் பாலமாக வைத்துக்கொள்கிறார்கள்: மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கும் வரை குறைந்த அளவில் சில வாரம், பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது. நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோய் இன்னும் உறுதியாகாத கட்டத்தில் யாரோ போட்ட ஊசி வீக்கத்தை மறைத்துவிட்டால், டாக்டர் அழுத்திப் பார்க்கும்போது கையில் எதுவும் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதற்கு எதிரி.

மூன்றாவது ரகம் மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின். இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' சொல்வது இவைதான். ஆனால் பொறுமை வேண்டும். மெத்தோட்ரெக்சேட் பிடிக்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு இன்னும் கூட. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட், குறித்த இடைவெளியில் ரத்த அணுக்கள், ஈரல், கிட்னி பரிசோதனை. 'அது கேன்சர் மருந்தாச்சே' என்று யாராவது பயமுறுத்துவார்கள். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு வேறு, இதற்கு வாரம் 7.5லிருந்து 25 மில்லிகிராம் வரைதான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாதுவான மருந்து, கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கல்யாணம், குழந்தை என்று திட்டம் இருப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது; மற்ற இரண்டையும் டாக்டர் மேற்பார்வையில் தொடர முடியும்.

சித்த மருத்துவம் என்று போனால் முறையான இடத்துக்குப் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. எண்ணெயும் ஒத்தடமும் இதமாக இருக்கும். சூடாக வீங்கிய மூட்டை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். எண்ணெய்க்காக மாத்திரையை விட்டுவிடுவதுதான் தப்பு. உள்ளுக்குச் சாப்பிடும் எதையும் இரு பக்க டாக்டரிடமும் சொல்லுங்கள், ஈரல் ஒன்றுதானே இருக்கிறது. பேரில்லாத பொட்டலத்தில் வரும் 'வாதப் பொடி'யை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்கிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

முடக்கத்தான் தோசை? ருசியாக இருக்கும், சாப்பிடுங்கள்.

எங்கே போவதாக இருந்தாலும், வீக்கம் தெரியும் நாளில் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் அது பெரும்பாலும் வடிந்திருக்கும். காலை இறுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைத் தேதியோடு குறித்து, இதுவரை போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டுகளோடு அதே ஃபைலில் வையுங்கள்.